சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால்: பால் ஸ்டோர் கணக்கில் ஒரு கண்டினுவேஷன் மோனாட்

பல்கலைக்கழக விடுமுறைக்கு அக்கா மகள் மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்திருந்தாள். கணினியியல், இரண்டாம் ஆண்டு. மாலையில் முன்வாசலில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தபோது நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒரே ஒரு வரி:

```
(அ -> வி) -> வி
```

"மாமா, மத்த மோனாடெல்லாம் ஒரு மாதிரி புரிஞ்சிடுச்சு. இந்தக் கண்டினுவேஷன் மோனாட் மட்டும் ஏன் தலைகீழா நிக்குது?"

கேட்டது நியாயம்தான். மோனாட் என்பது நிரலின் வேலைகளை ஒன்றோடொன்று கோர்ப்பதற்கான ஒரு வடிவம். பட்டியல் மோனாடைப் பார்த்தால் உள்ளே மதிப்புகள் இருக்கின்றன. மேபி மோனாடில் ஒரு மதிப்பு இருக்கும், அல்லது இருக்காது. இதில் மதிப்பையே காணோம், அம்புக்குறிதான் இருக்கிறது. நானும் இந்த வரியை முறைத்துப் பார்த்தே ரொம்ப நாளை ஓட்டியவன். எதை வாங்கி எதைத் தருகிறது என்று சொல்லும் இந்த வகைக்குறிப்பிலிருந்து இதை ஆரம்பிக்கவே கூடாது என்பது என் கட்சி. வேலையிலிருந்து ஆரம்பித்தால் அந்த வரி கடைசியில் தானாக வந்து நிற்கும்.

அன்றைக்கு எங்களுக்கு உதவியது அம்மா வேலை செய்த ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோர்.

அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் அவர் வெட்டிய காடு இப்போது செம்பனையாகிவிட்டது. ஆனால் அவர் வாயைத் திறந்தால் பழைய நாள் அப்படியே வந்துவிடும். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. நெற்றி விளக்கோடு மர வரிசையான நிரைக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கில் பால் சேரச் சில மணி நேரம் ஆகும். பிறகு வாளியில் ஊற்றி, காண்டா என்ற தோள் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போக வேண்டும். அங்கே மூன்று காரியம் நடக்கும். முதலில் பாலை நிறுப்பார்கள். அடுத்து மெட்ரோலாக் என்ற மிதவையைப் போட்டு, நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பர் என்று பார்ப்பார்கள். நல்ல பாலில் அது முப்பதுக்கு மேல் இருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணீர். கடைசியாகக் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், கணக்குப் போட்டுக் கூலிப் பதிவேடான செக்ரோலில் எழுதுவார்.

இதை நிரலாக எழுதுவோம். ஜாவாஸ்கிரிப்டில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். கீழே உள்ளவற்றைப் பிரௌசரின் கன்சோலில் அப்படியே ஒட்டினால் ஓடும். கிலோவுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) என்பது கணக்கு சுலபமாக வருவதற்காக நான் வைத்த விலை.

```
காய்ந்தது = (எடை, விகிதம்) => எடை * விகிதம் / 100
கூலி = கிலோ => கிலோ * 2

கூலி(காய்ந்தது(20, 35))   // 14
```

20 கிலோ பாலில் நூற்றுக்கு 35 பங்கு ரப்பர் என்றால் காய்ந்த ரப்பர் 7 கிலோ, கூலி 14 வெள்ளி. இதில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். 'காய்ந்தது' தன் வேலையை முடித்துவிட்டு 7 என்ற விடையைத் திருப்பித் தருகிறது. அந்த 7-ஐ வைத்து அடுத்து என்ன நடக்கப் போகிறது என்பது அதற்குத் தெரியாது. தெரிந்தவர் அதைக் கூப்பிட்டவர். ஸ்டோரில் அம்மாவும் அப்படித்தான் செய்தார்: எடை போட்ட துண்டை வாங்கி, மெட்ரோலாக் பார்ப்பவரிடம் கொண்டு போய், அவர் சொன்னதை வாங்கி, கிராணியிடம் போய் நின்றார். ஒவ்வொரு தடவையும் விடை அம்மா கைக்கே திரும்பி வந்தது.

இப்போது வேறு மாதிரி யோசிப்போம். நிறுக்கும் இடத்திலேயே அம்மா ஒரு சீட்டைக் கொடுத்துவிடுகிறார். 'எடை தெரிந்ததும் இன்னாரிடம் சொல், அவர் பார்த்ததும் கிராணியிடம் சொல்லட்டும், அவர் செக்ரோலில் எழுதட்டும்.' இதற்கு மேல் என்னென்ன ஆக வேண்டுமோ எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கிறது. கொடுத்துவிட்டு அம்மா வீட்டுக்கு நடையைக் கட்டலாம், எதுவும் அவர் கைக்குத் திரும்பி வர வேண்டியதில்லை.

அந்தச் சீட்டுக்குப் பெயர்தான் கண்டினுவேஷன். தொடர்ச்சி என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு 'மிச்சம்' என்ற சொல்தான் பிடிக்கும்: இந்த இடத்துக்குப் பிறகு மிச்சமிருக்கும் வேலை.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சீட்டைக் குடுத்துட்டு நான் வீட்டுக்கு வந்திருவேனா? பக்கத்துல நின்னு பாக்கலேன்னா அவன் போடுறதுதான் எடை!"

அக்கா மகள் சிரித்தாள். இந்த விஷயத்தில் அம்மா சொன்னதுதான் சூட்சுமம், ஆகவே அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் இஷ்டம்தான் நடக்கும். அதற்குப் பிறகு வருவோம். முதலில் நிரலை மாற்றி எழுதலாம்.

```
காய்ந்தது = (எடை, விகிதம்) => மிச்சம் => மிச்சம்(எடை * விகிதம் / 100)
கூலி = கிலோ => மிச்சம் => மிச்சம்(கிலோ * 2)

காய்ந்தது(20, 35)(கிலோ => கூலி(கிலோ)(வெள்ளி => வெள்ளி))   // 14
```

தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட மாதிரிதான் இருக்கும். விடை அதே 14. ஆனால் இப்போது 'காய்ந்தது(20, 35)' என்று மட்டும் எழுதினால் என்ன கிடைக்கும்? 7 கிடைக்காது. ஒரு ஃபங்ஷன் கிடைக்கும். 'என்னிடம் ஒரு விடை தயாராக இருக்கிறது, அதை என்ன செய்ய வேண்டும் என்று சீட்டு கொடு, செய்கிறேன்' என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கும் ஃபங்ஷன் அது.

சீட்டின் வகை என்ன? 'அ' என்ற ஒன்றை வாங்கி, எல்லாம் முடிந்த பிறகு 'வி' என்ற கடைசி விடையைத் தருவது: அ -> வி. அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைசி விடையைத் தருபவரின் வகை: (அ -> வி) -> வி. நோட்டுப் புத்தகத்தில் இருந்த வரி இதுதான். அ எங்கே என்று தேடிக்கொண்டிருந்தோமே, அது சீட்டின் வாசலில் நிற்கிறது.

இந்த உத்தி பழசு. 1964இல் வியன்னாவுக்கு அருகே பாடன் ஊரில் நடந்த மாநாட்டிலேயே, எந்தச் செயல்முறையும் திரும்பி வராதபடி நிரல்களை மாற்றி எழுதலாம் என்று டச்சுக்காரரான ஆட்ரியான் ஃபான் வைன்கார்டன் சொல்லியிருந்தார். கண்டினுவேஷன் என்று பெயர் வைத்தவர் பிரிட்டனின் கிறிஸ்டஃபர் வாட்ஸ்வொர்த். நடுவில் பல பேர் ஒருவரை ஒருவர் அறியாமல் இதையே திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜான் ரெனால்ட்ஸ் 1993இல் இதன் வரலாற்றை எழுதியபோது தலைப்பிலேயே 'கண்டுபிடிப்புகள்' என்று பன்மையில் போட்டார். நீங்கள் ஜாவாஸ்கிரிப்டில் கால்பேக் எழுதியவர் என்றால் உங்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்: பொத்தானை அமுக்கினால் இதைச் செய், கோப்பு வந்து சேர்ந்தால் அதைச் செய் என்று கொடுப்பதெல்லாம் சீட்டுதான்.

கால்பேக் எழுதியவர்களுக்கு அதன் தொல்லையும் தெரியும். மூன்று படி என்றால் மூன்று அடுக்கு அடைப்புக்குறி, பத்து படி என்றால் வலது ஓரம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் சீட்டை நாமே கையால் மடித்து உள்ளே திணிக்கிறோம். அந்தத் திணிப்பை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால் என்ன? மோனாட் என்பது இந்த இடத்தில் அதுதான், வேறு மாயம் இல்லை. இரண்டு வரி:

```
வெறும் = அ => மிச்சம் => மிச்சம்(அ)
கோர் = (வேலை, அடுத்தது) => மிச்சம் => வேலை(அ => அடுத்தது(அ)(மிச்சம்))
```

'வெறும்' ஒன்றும் செய்வதில்லை, கொடுத்த மதிப்பை அப்படியே சீட்டிடம் தள்ளிவிடுகிறது. ஹாஸ்கல் என்ற நிரல் மொழியில் இதற்கு ரிட்டர்ன் என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவானை என்ன சொல்ல, இதில் எதுவுமே திரும்பி வருவதில்லை. 'கோர்' என்பது அவர்கள் பைண்ட் என்று சொல்வது. பூவை நூலில் கோர்க்கிற மாதிரி இரண்டு வேலைகளைக் கோர்க்கிறது.

'கோர்' வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், இங்கேதான் எல்லாருக்கும் சறுக்கும். வலது பக்கம் 'மிச்சம் =>' என்று ஆரம்பிக்கிறது. அதாவது கோர்த்து முடித்தாலும் நமக்குக் கிடைப்பது கையை நீட்டிக்கொண்டு நிற்கும் இன்னொரு ஆள்தான், வேலை இன்னும் தொடங்கவில்லை. யாராவது வந்து கடைசிச் சீட்டைக் கொடுக்கும்போது, முதல் வேலைக்குப் புதுச் சீட்டு ஒன்று எழுதப்படுகிறது: 'உன் விடை அ-வை அடுத்த ஆளிடம் கொடு, அவரிடம் இந்தக் கடைசிச் சீட்டையும் சேர்த்துக் கொடு.' அவ்வளவுதான். ஓட்டிப் பார்க்கலாம். கடைசிச் சீட்டில், தேத்தண்ணிக் காசு 1 வெள்ளி சேர்த்துக்கொள் என்று எழுதுகிறேன்.

```
நாள்கூலி = கோர்(காய்ந்தது(20, 35), கூலி)

நாள்கூலி(வெள்ளி => வெள்ளி + 1)   // 15
நாள்கூலி(வெள்ளி => வெள்ளி * 26)   // 364
```

15 தந்த வரியைக் கையால் பிரித்தால் இப்படி இறங்கும்:

```
காய்ந்தது(20, 35)(அ => கூலி(அ)(வெள்ளி => வெள்ளி + 1))
கூலி(7)(வெள்ளி => வெள்ளி + 1)
14 + 1
```

இதை ஒரு தடவை பேனாவை எடுத்துத் தாளில் எழுதிப் பாருங்கள். திரையில் படிப்பதற்கும் கையால் எழுதுவதற்கும் இந்த விஷயத்தில் நிறைய வித்தியாசம் உண்டு. அக்கா மகள் எழுதி முடித்துவிட்டுக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டாள்: "சரி மாமா. ஆனா இவ்வளவு சுத்தி வந்து அதே 14தானே? இதுக்கா ஒரு மோனாட்?"

இந்த இடத்தில்தான் அம்மா சொன்னதுக்குத் திரும்ப வேண்டும். சீட்டு யார் கையில்?

சாதாரண ஃபங்ஷனுக்குச் சுதந்திரம் இல்லை. விடையைக் கண்டுபிடித்தால் திருப்பித் தந்தாக வேண்டும், அதுவும் ஒரே ஒரு தடவை. சீட்டை வாங்கிக்கொண்ட ஃபங்ஷன் அப்படியல்ல. மிச்ச வேலை மொத்தமும் அதன் உள்ளங்கையில் இருக்கிறது. கிழித்துப் போடலாம்:

```
மழை = மிச்சம் => 0

கோர்(மழை, கூலி)(வெள்ளி => வெள்ளி + 1)   // 0
```

மழை பெய்து மங்கெல்லாம் வழிந்துவிட்டது. கூலிக் கணக்கும் இல்லை, தேத்தண்ணிக் காசும் இல்லை. 'கூலி' ஃபங்ஷன் கூப்பிடப்படவே இல்லை. மேபி மோனாடில் 'ஒன்றுமில்லை' வந்ததும் மற்றதெல்லாம் நின்றுவிடுகிறதே, அந்தக் குணம் இங்கே இலவசமாக வந்துவிட்டது.

இரண்டு நகல் எடுத்தும் வைத்துக்கொள்ளலாம்:

```
இருவர் = மிச்சம் => மிச்சம்(4) + மிச்சம்(3)

கோர்(இருவர், கூலி)(வெள்ளி => வெள்ளி + 1)   // 16
```

ஏன் 16? ஒருவருக்கு 4 கிலோ, இன்னொருவருக்கு 3. மொத்தம் 7 கிலோ, 14 வெள்ளி, தேத்தண்ணிக் காசோடு 15 என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆனால் சீட்டு இரண்டு தடவை ஓடியது. ஒருவருக்கு 8 கூட்டல் 1, மற்றவருக்கு 6 கூட்டல் 1. மிச்ச வேலை முழுவதும், தேத்தண்ணிக் காசு உட்பட, இரண்டு முறை நடந்திருக்கிறது. பட்டியல் மோனாடின் குணம் இது. ஜாவாஸ்கிரிப்டின் ப்ராமிஸும் கிட்டத்தட்டச் சீட்டு வாங்கும் ஆள்தான் என்றாலும் இதை அதனால் செய்ய முடியாது: ஒரு ப்ராமிஸ் ஒரு தடவைதான் தீரும்.

சீட்டைச் சுழியம் தடவை கூப்பிட்டால் மேபி, பல தடவை கூப்பிட்டால் பட்டியல் என்று வருவதால்தான் இதை மோனாடுகளுக்கெல்லாம் தாய் என்று சிலர் சொல்கிறார்கள். அது வெறும் புகழ்ச்சி அல்ல. எல்லை கட்டிய கண்டினுவேஷன் (மிச்சம் முழுவதையும் பிடிக்காமல், குறித்த எல்லை வரைக்கும் மட்டும் பிடிப்பது) இருந்தால், எழுதிக்காட்டக்கூடிய எந்த மோனாடையும் அதைக் கொண்டே ஒப்பேற்றலாம் என்று ஃபிலின்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் 1994இல் காட்டிவிட்டார்.

அடுத்தது கொஞ்சம் கனமான வரி. மழை நாளில் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டோம். பல நேரம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாலில் மழைத் தண்ணீர் கலந்துவிட்டது என்றால் இந்தக் கணக்கை மட்டும் விட்டுவிட்டு, வெளியே மிச்சமிருப்பதைத் தொடர வேண்டும். அதற்கு ஸ்கீம் என்ற நிரல் மொழிக்காரர்கள் கொடுத்த கருவி கால்சிசி (call/cc), அதாவது 'இப்போதைய மிச்சத்தைக் கொடுத்துக் கூப்பிடு'. ஸ்கீம் 1975இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சஸ்மனும் ஸ்டீலும் உருவாக்கியது. நம் மொழியில் 'அழை' என்று வைத்துக்கொள்வோம்:

```
அழை = வேலை => மிச்சம் => வேலை(அ => வீண் => மிச்சம்(அ))(மிச்சம்)

சோதனை = (எடை, விகிதம்) => அழை(வெளியேறு =>
  கோர்(விகிதம் < 20 ? வெளியேறு(0) : வெறும்(விகிதம்),
    சரியானது => கோர்(காய்ந்தது(எடை, சரியானது), கூலி)))

சோதனை(20, 35)(வெள்ளி => வெள்ளி + 1)   // 15
சோதனை(20, 10)(வெள்ளி => வெள்ளி + 1)   // 1
```

கடைசி விடையை மழையோடு ஒப்பிடுங்கள். அங்கே 0, இங்கே 1. கூலி போனது, தேத்தண்ணிக் காசு தப்பித்தது. காரணம் 'வீண்' என்று நான் பெயர் வைத்த அந்தப் பாவப்பட்ட சீட்டு. 'வெளியேறு(0)' கூப்பிடப்பட்டதும், அதற்கு அடுத்துச் செய்ய வேண்டியவை என்று வந்த உள்சீட்டை வாங்கி வீணாக்கிவிட்டு, அழைத்த நேரத்தில் பத்திரப்படுத்திய வெளிச்சீட்டையே கூப்பிடுகிறது. மற்ற மொழிகளில் சுழற்சியிலிருந்து பாதியில் வெளியேறுவது, பிழையை எறிவது, பிடிப்பது என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்களே, அவையெல்லாம் இந்த ஒரே வரிக்குள் அடங்கிவிடும். முதல் தடவையே இந்த வரி பிடிபட்டால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். எனக்குப் பல நாள் பிடித்தது.

நிஜ வேலையில் இதை எங்கே பயன்படுத்துவது என்று கேட்டால், ரொம்ப யோசித்துத்தான் என்று சொல்வேன். ஹாஸ்கலிலேயே ஆரம்பத்தில் உள்ளீடு, வெளியீடு எழுத ஒரு வழியாகக் கண்டினுவேஷன்தான் இருந்தது. கணினிச் செயல்களை மோனாடாகப் பார்க்கலாம் என்று இத்தாலியின் யூஜெனியோ மொஜ்ஜி 1989இல் சொல்லி, அதை நிரலாளர்களுக்குப் புரிகிற பாஷையில் ஃபிலிப் வாட்லர் எடுத்துப் போன பிறகு, 1996இல் வந்த ஹாஸ்கல் 1.3 மோனாடுக்கே மாறிவிட்டது. தினசரி வேலைக்கு மேபியோ பிழை மோனாடோ போதுமென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 'அழை' நிறைந்த நிரலை ஆறு மாதம் கழித்துத் திறந்தால், எது எங்கே குதிக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது. ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. சீட்டுக்குள் சீட்டாகக் கூப்பிட்டுக்கொண்டே போவதால், சங்கிலி நீண்டால் அழைப்புகளைக் குறித்துவைக்கும் அடுக்கு நிரம்பி நிரல் விழுந்துவிடும். கடைசி அழைப்பை அடுக்கில் ஏற்றாமல் விடும் வசதி 2015ஆம் ஆண்டுத் தரத்திலேயே இருக்கிறது, சஃபாரியைத் தவிர முக்கியப் பிரௌசர்கள் அதைச் செய்யவில்லை. நான் பெயர்களுக்கு முன்னால் எந்த அறிவிப்பும் போடாமல் எழுதியிருப்பதும் கன்சோல் விளையாட்டுக்குத்தான் ஆகும், அலுவலக வேலைக்கு ஆகாது.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அக்கா மகள் கன்சோலில் தானாக எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். "மாமா, சீட்டைக் கிழிக்காம, கூப்பிட்டும் முடிச்சிட்டு, ஒரு நகலைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டா?"

```
பதுக்கு = மிச்சம் => (சீட்டு = மிச்சம், மிச்சம்(4))

கோர்(பதுக்கு, கூலி)(வெள்ளி => வெள்ளி + 1)   // 9
சீட்டு(10)   // 21
```

வேலை முடிந்து 9 வெள்ளி வந்துவிட்டது. ஆனால் 'சீட்டு' என்ற பெயரில் அந்த இடத்து மிச்சம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 4 கிலோவுக்குப் பதிலாக 10 என்று கொடுத்ததும், முடிந்துபோன கணக்கின் நடுவில் போய் இறங்கி, கூலி போட்டு, தேத்தண்ணிக் காசையும் சேர்த்துக்கொண்டு வந்தது. பாதியில் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் ஜெனரேட்டர்களை இதை வைத்தே கட்டலாம் என்று நான் ஆரம்பிப்பதற்குள், அவள் திரையைப் பாட்டியிடம் கொண்டு போய்க் காட்டிவிட்டாள். ஸ்டோர் கணக்கு, பத்து கிலோ, 21 வெள்ளி என்று விளக்கினாள்.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இருபதுதானே வரும்? அந்த ஒரு வெள்ளி ஏது?"

"தேத்தண்ணிக் காசு பாட்டி."

"தேத்தண்ணிக் காசா? அதை எந்தத் தோட்டத்துலடி குடுத்தான்?"